மோட்லராய்ட்: ஓடை பிரித்த ஜெர்மன் கிராமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்லராய்ட் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியின் ஏறத்தாழ நடுவில், ஃபோக்ட்லாந்து எனப்படும் மேட்டுப் பகுதியில் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து பெர்லின் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்தால் ஹோஃப் நகரம். அங்கிருந்து வடக்கே சுமார் 15 கி.மீ. போனால் ஊர் வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குச் சற்று மேலான உயரம். மக்கள்தொகை சுமார் 50. சில பண்ணை வீடுகள், தானியக் களஞ்சியங்கள், ஒரு குளம், சுற்றிலும் வயலும் புல்வெளியும், அதற்கப்பால் காடு. இதற்கு மேல் ஊரில் பெரிதாக எதுவும் கிடையாது. பனிப்போர் காலத்தில் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் எல்லையும் சுவரும் ஊரின் நடுவே போனதால்தான் இது பெயர் பெற்றது.

ஊரின் குறுக்கே டான்பாக் என்ற ஓடை ஓடுகிறது. அகலம் குறைவுதான், நல்ல கால் இருந்தால் தாண்டிவிடலாம். இந்த நீர் சாலே ஆற்றில் சேர்ந்து, எல்பே வழியாக வடகடலுக்குப் போகிறது. ஓடைக்குத் தெற்கே உள்ள வீடுகள் பவேரியா மாநிலத்தில், டோபென் ஊராட்சிக்குள், ஹோஃப் மாவட்டத்தில் இருக்கின்றன. வடக்கே உள்ளவை துரிங்கியா மாநிலத்தில், கெஃபெல் நகராட்சிக்குள், சாலே-ஓர்லா மாவட்டத்தில்.

அமெரிக்காவும் சோவியத்தும் ஜெர்மனியைப் பங்கிட்டதால்தானே ஊர் இரண்டானது?

இல்லை. இதுதான் மிகப் பரவலான தவறு. வல்லரசுகள் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பே டான்பாக் ஓடை எல்லையாக இருந்தது. ஒரு பக்கம் பைராய்டை ஆண்ட மார்க்கிரேவ்கள் எனப்பட்ட பிரபுக்களின் நிலம், மறுபக்கம் ராய்ஸ் பிரபுக்களின் நிலம். 1791-இல் கடைசி மார்க்கிரேவ் பதவி விலக, பைராய்ட் பிரஷ்யாவின் கைக்குப் போனது. 1806-இல் பிரஷ்யா நெப்போலியனிடம் தோற்றது. நான்கு ஆண்டுகள் பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த அந்தப் பகுதி 1810-இல் பவேரிய அரசுக்குக் கிடைத்தது. புதிய உரிமையாளர் வந்ததும் வேலிக்கல் நடுவது வழக்கம்தானே! அந்த ஆண்டே ஓடையோரம் எல்லைக்கற்கள் நடப்பட்டன. அவற்றில் ஒரு பக்கம் பவேரிய அரசைக் குறிக்கும் 'கே.பி.', மறுபக்கம் ராய்ஸ் சிற்றரசைக் குறிக்கும் 'எஃப்.ஆர்.' என்ற எழுத்துகள் செதுக்கப்பட்டன. அந்தக் கற்களில் சில இன்றும் இருக்கின்றன. ஊருக்கு வருகிறவர்கள் அவற்றைப் பனிப்போர் காலத்துக் கற்கள் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். உண்மையில் பெர்லின் சுவரைவிட அவை ஒன்றரை நூற்றாண்டு மூத்தவை.

முதல் உலகப் போருக்குப் பிறகு ராய்ஸ் சிற்றரசு முடிவுக்கு வந்தது. 1920 மே 1 அன்று அது வேறு சில சிற்றரசுகளோடு சேர்ந்து துரிங்கியா மாநிலம் ஆனது. ஆனால் கோடு நகரவில்லை. சிற்றரசு எல்லையாக இருந்த ஓடை மாநில எல்லை ஆனது, அவ்வளவே.

அப்படியானால் 1945-க்கு முன் ஊர்மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

ஒரே ஊராகத்தான். பள்ளிக்கூடமும் மதுவிடுதியும் துரிங்கியப் பக்கத்தில் இருந்தன. ஊருக்குத் தனியாகத் தேவாலயம் இல்லாததால் ஞாயிறு ஆராதனைக்கு இரண்டு பக்கத்தவரும் பவேரியாவிலுள்ள டோபெனுக்குப் போனார்கள். ஓடையின் இருபுறமும் உறவினர்கள் இருந்தார்கள், நிலங்களும் அக்கரை இக்கரையாகக் கலந்து கிடந்தன. வரி எங்கே கட்டுவது, வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பவற்றில் மட்டுமே எல்லை தலைகாட்டியது.

பிறகு என்ன ஆனது?

1944 செப்டம்பர் 12 அன்று லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வேர் இருக்கிறது. ஜெர்மனியை ஆக்கிரமிப்பு மண்டலங்களாகப் பிரித்தபோது நேச நாடுகள் புதுக்கோடு வரையவில்லை. இருந்த மாநில, மாகாண எல்லைகளையே எடுத்துக்கொண்டன. வரைபடத்தின் மேல் குனிந்து வேலை செய்தவர்களுக்கு இது எளிய வழி. அந்தக் கோடு சில இடங்களில் வீட்டு வாசலை ஒட்டிப் போகும் என்பதை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

1945 ஏப்ரலில் முதலில் வந்தது அமெரிக்கப் படை. ஒப்பந்தப்படி ஜூலைத் தொடக்கத்தில் துரிங்கியாவை சோவியத் படைகளிடம் விட்டுவிட்டு அது விலகியது. சோவியத் வீரர்கள் சிறிது காலம் பவேரியப் பகுதியிலும் இருந்து, 1946-இல் ஓடைக்கு அப்பால் பின்வாங்கினார்கள். 1949-இல் இரு ஜெர்மன் அரசுகள் தோன்றியதும் ஓடை நாடுகளின் எல்லை ஆயிற்று. அப்போதும் அனுமதிச் சீட்டோடு அக்கரைக்குப் போய்வர முடிந்தது. அந்த வழி 1952-இல் அடைக்கப்பட்டது.

1952-இல் சரியாக என்ன நடந்தது?

மே 26 அன்று கிழக்கு ஜெர்மன் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அது எல்லையை மூன்று பட்டைகளாகப் பிரித்தது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்கு உழுது சமன்செய்த மண். யாராவது நடந்தால் கால்தடம் பதியும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அதற்குப் பின்னால் 500 மீட்டர் அகலப் பாதுகாப்புப் பட்டை. அதையும் உள்ளடக்கி 5 கி.மீ. வரை தடைப் பகுதி.

மோட்லராய்டின் கிழக்கு ஜெர்மன் பாதி, அதாவது ஓடைக்கு வடக்கே உள்ள துரிங்கியப் பக்கம் முழுவதும் 500 மீட்டர் பட்டைக்குள் விழுந்தது. அங்கே சூரியன் உதித்த பின்பே வயலில் இறங்கலாம், மறைவதற்குள் திரும்பிவிட வேண்டும். கூட்டங்கள் இரவு 10 மணிக்குள் முடிய வேண்டும். குடியிருப்பவர்களின் அடையாள அட்டையில் தனி முத்திரை இருக்கும். வெளியூரிலிருந்து மகளோ அண்ணனோ வருவதென்றாலும் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. 'நம்பத் தகாதவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களை எல்லைப் பகுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த உள்பெயர் 'பூச்சிகள்'. 1952 கோடையில் எல்லை நெடுகிலும் 8,000-க்கு மேற்பட்டவர்களும், 1961 அக்டோபரில் மேலும் 3,000-க்கு மேற்பட்டவர்களும் உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் சில மணி நேர அவகாசம்தான் கிடைத்தது. மோட்லராய்டிலிருந்தும் குடும்பங்கள் அகற்றப்பட்டன. ஓடையோரம் இருந்த மாவு ஆலையை நடத்திய குடும்பம், பட்டியலில் தம் பெயரும் வரும் என்று அஞ்சி மேற்குக்கு ஓடிவிட்டது. ஆலை பின்னர் இடிக்கப்பட்டது.

சுவர் எப்போது வந்தது? பெர்லினோடு சேர்ந்து 1961-லா?

இல்லை. இங்கே தடுப்பு படிப்படியாக வளர்ந்தது. 1952-இல் ஆள் உயரத்துக்கு மேலான பலகை வேலி. அடுத்து முள்கம்பி. 1966-இல்தான் கான்கிரீட் சுவர்: நீளம் சுமார் 700 மீட்டர், உயரம் 3 மீட்டருக்கு மேல்.

கிட்டத்தட்ட 1,400 கி.மீ. நீளமுள்ள உள் ஜெர்மன் எல்லையில் பெரும்பகுதி உலோக வலை வேலிதான். கான்கிரீட் சுவர் எழுப்பப்பட்டது வீடுகள் எல்லையை ஒட்டிய சில இடங்களில் மட்டும். ஓடுகிறவரைத் தடுக்க வலையே போதும். சுவருக்கு இன்னொரு வேலை இருந்தது, அது பார்வையை மறைப்பது. வலை வழியாக அக்கா தங்கையைப் பார்த்துவிடலாம், சைகையும் காட்டலாம். சுவர் வழியாக அது நடக்காது. கிழக்குப் பக்கத்தவர்கள் அக்கரையைப் பார்த்துக் கையசைப்பதே தடை செய்யப்பட்டிருந்தது. மேற்குப் பக்கத்தில் அப்படித் தடை இல்லை. ஆனால் கையசைத்தால் பதில் வராது, பதில் தந்தால் கிழக்கில் இருப்பவருக்குத்தான் சிக்கல்.

அமெரிக்க வீரர்கள் இந்த ஊரைச் 'சின்ன பெர்லின்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருவகையில் அது ஏமாற்றும் பெயர். பெர்லினில் சோதனைச் சாவடிகளாவது இருந்தன. இங்கே 37 ஆண்டுகள் ஒரு கதவுகூட இல்லை. 1970-களில் எல்லையோர மக்களுக்கு விதிகள் தளர்ந்த பிறகும், மேற்கு மோட்லராய்ட்காரர் ஒருவர் நெடுஞ்சாலையிலுள்ள ருடோல்ஃப்ஸ்டைன்–ஹிர்ஷ்பெர்க் சாவடி வழியாகக் கிழக்கு ஜெர்மனிக்குள் நுழையலாம். ஆனாலும் தடைப் பகுதியில் இருக்கும் தன் ஊரின் மறுபாதிக்குள் அவருக்கு அனுமதி கிடையாது.

ஊரிலுள்ள எல்லை அருங்காட்சியகத்தின் திறந்தவெளிக் காட்சிப் பகுதியில் இருப்பவை எல்லாம் எதற்காக? கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாகச் சொல்ல முடியுமா?

ஒருவர் தப்பிக்க நினைத்தால் எந்த வரிசையில் இவற்றைச் சந்திப்பார் என்று பார்த்தால் புரியும். ஊருக்கு ஊர் சில வேறுபாடுகள் உண்டு என்றாலும் பொது அமைப்பு இதுதான்.

முதலில் எச்சரிக்கை வேலி. இதில் குறைந்த மின்னழுத்தக் கம்பிகள் ஓடும். தொட்டால் ஆளைக் கொல்லாது, ஆனால் எந்தப் பகுதியில் தொட்டார்கள் என்று கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தெரிந்துவிடும். அதை ஒட்டி 2 மீட்டர் உழுத மண். பிறகு காவல் கோபுரங்கள், ஒளிவிளக்குகள், சில இடங்களில் நீளக் கம்பியில் கட்டப்பட்ட நாய்கள். அடுத்து ரோந்துப் பாதை. ஓட்டைகள் உள்ள கான்கிரீட் பலகைகளை இரண்டு வரிசையாகப் பதித்த தடம் இது. சேற்றிலும் பனியிலும் ராணுவ வண்டி சிக்காமல் போவதற்காகப் போட்டது. பிறகு 6 மீட்டர் அகல உழுத மண். பிறகு வண்டித் தடுப்பு அகழி. கடைசியில் சுவர் அல்லது வலை வேலி.

அகழியைக் கவனித்துப் பாருங்கள். மேற்குப் பக்கச் சரிவு மட்டும் செங்குத்தாக, கான்கிரீட் பலகை பதித்து இருக்கும். கிழக்குப் பக்கச் சரிவு சாய்வானது. மேற்கிலிருந்து வரும் டாங்கியைத் தடுக்க வெட்டிய பள்ளம் என்றால் இப்படி இருக்காது. கிழக்கிலிருந்து வரும் லாரி உள்ளே இறங்கி முட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதே கணக்கு. 'மேற்கின் தாக்குதலிலிருந்து காக்கும் அரண்' என்று அந்த அரசு சொன்னதற்கு அவர்கள் வெட்டிய பள்ளமே மறுப்பு.

இன்னொன்று: எல்லைக் கோடு சுவரில் இல்லை, ஓடையில் இருந்தது. சுவருக்கும் ஓடைக்கும் இடையிலான குறுகிய நிலமும் கிழக்கு ஜெர்மனிதான். மேற்கிலிருந்து வந்த பார்வையாளர்கள் சுவரைத் தொட்டுப் பார்க்க ஓடையைத் தாண்டினால் வேற்று நாட்டுக்குள் நுழைந்தவர்கள் ஆவார்கள். 'நில்! இங்கே எல்லை' என்ற பலகைகளை மேற்குப் பக்கம் வைத்தது அதனால்தான். 1967 முதல் கிழக்குத் தரப்பு நட்ட, அரச சின்னம் பொறித்த கறுப்பு-சிவப்பு-பொன்னிறத் தூண்களும் சுவருக்கு மேற்குப் பக்கம்தான் நின்றன.

யாராவது இங்கே தப்பினார்களா?

ஊருக்குள் சுவர் ஏறி வெற்றிகரமாகத் தப்பியவராகப் பதிவாகியிருப்பவர் ஒருவர்தான். 1973 மே 25 அன்று ஏணி வைத்து ஏறி மேற்கே குதித்தார். சின்ன ஊரில் முயன்றவர்கள் குறைவாக இருந்ததற்குச் சுவரைவிட 5 கி.மீ. தடைப் பகுதியே பெரிய காரணம். அனுமதி இல்லாத ஓர் அந்நியர் சாலையில் நடந்தாலே தெரிந்துவிடும். எல்லை முழுவதையும் எடுத்துக்கொண்டால், பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் வேலியைப் பார்ப்பதற்கு முன்பே பிடிபட்டவர்கள்.

முக்கியப் பிரமுகர்கள் வந்திருக்கிறார்களா?

மேற்குக் கரை ஒரு காட்சி மேடை போல ஆகியிருந்தது. 1983 பிப்ரவரி 5 அன்று அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ், மேற்கு ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் மன்ஃப்ரெட் வோர்னருடன் வந்து பார்த்தார்.

1989 நவம்பர் 9 அன்றே இங்கும் சுவர் திறந்ததா?

ஒரு மாதம் தாமதம். பெர்லினில் திறக்கச் சாவடிகள் இருந்தன, இங்கே சுவரை உடைத்தால்தான் வழி. டிசம்பர் 9 அன்று நடந்துபோகிறவர்களுக்கான வழி திறக்கப்பட்டது. 1990 ஜூன் 17 அன்று இயந்திரம் கொண்டு சுவரின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. அந்தத் தேதிக்கும் பொருள் உண்டு. 1953 ஜூன் 17 கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர் எழுச்சி நசுக்கப்பட்ட நாள், மேற்கு ஜெர்மனி அதைத் தேசிய நாளாகக் கடைப்பிடித்து வந்தது. ஜூலை 1-இல் எல்லைச் சோதனைகளே நின்றன.

சுமார் 100 மீட்டர் சுவரை விட்டுவைத்தார்கள். அருங்காட்சியகத்துக்கான சங்கம் அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. வேறு பல ஊர்களில் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டார்கள். மனித இயல்பில் அது நியாயமே, ஆனால் அங்கெல்லாம் இன்று ஒரு தகவல் பலகையைத் தவிரப் பார்க்க எதுவும் இல்லை.

இப்போது ஊர் ஒன்றாகிவிட்டதா?

வாழ்க்கையில் ஒன்று, காகிதத்தில் இரண்டு. நாடு ஒன்றானது, ஆனால் பவேரியாவும் துரிங்கியாவும் தனித்தனி மாநிலங்களாகவே தொடர்கின்றன. ஆகவே ஓடை மீண்டும் 1920-இல் இருந்த நிலைக்கு வந்துவிட்டது. தெற்கே அஞ்சல் குறியீடு 95183, வடக்கே 07926. தொலைபேசிப் பகுதிக் குறியீடு தெற்கே 09295, வடக்கே 036649. வண்டி எண்பலகை தெற்கே 'எச்.ஓ.', வடக்கே 'எஸ்.ஓ.கே.' என்று தொடங்கும். மேயர்கள் இருவர். எதிர்வீட்டுக்காரர்கள் வெவ்வேறு சட்டமன்றத்துக்கு வாக்களிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் விடுமுறைகளும் வேறு. ஜனவரி 6 மூவரசர் திருநாளும், நவம்பர் 1 புனிதர் அனைவர் நாளும் பவேரியாவில் பொது விடுமுறை, துரிங்கியாவில் இல்லை. அக்டோபர் 31 சீர்திருத்த நாளும், 2019 முதல் செப்டம்பர் 20 குழந்தைகள் நாளும் துரிங்கியாவில் விடுமுறை, பவேரியாவில் இல்லை. பவேரியாவில் கோடை விடுமுறை எப்போதும் ஆகஸ்ட் முழுவதும் ஓடி செப்டம்பர் நடுவரை நீளும். துரிங்கியாவில் தொடக்கத் தேதி ஆண்டுக்காண்டு மாறும். ஆகவே சில வாரங்களில் ஓடைக்கு ஒருபுறம் பிள்ளைகள் விளையாட, மறுபுறம் பள்ளிப் பேருந்து வரும்.

ஒரு பக்கத்தை மறு மாநிலத்தோடு சேர்த்தால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மாநில எல்லையை மாற்ற இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட வேண்டும். ஐம்பது பேருக்காக அந்த வேலையில் இறங்க யாருக்கும் அவசரம் இல்லை. ஊருக்கும் இந்த இரட்டை அடையாளம்தானே பெயர் வாங்கித் தந்தது!

எல்லைப் பட்டை இருந்த நிலம் என்ன ஆனது?

நாற்பது ஆண்டுகள் உரமோ பூச்சிமருந்தோ பெரிதாகப் படாத நிலம் அது. வேறெங்கும் அரிதாகிவிட்ட செடிகளும் பறவைகளும் அங்கே தங்கின. 1989 டிசம்பர் 9 அன்று, அதாவது மோட்லராய்டில் வழி திறந்த அதே நாளில், ஹோஃப் நகரில் இரு ஜெர்மனிகளின் இயற்கை ஆர்வலர்கள் சுமார் 400 பேர் கூடி, இந்தப் பட்டையைப் பசுமைப் பட்டையாகக் காக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 2018-இல் துரிங்கியா தன் பகுதியை, சுமார் 763 கி.மீ. நீளத்தை, தேசிய இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது.

ஆனால் 'தானாக வளர்ந்த காடு' என்று நினைக்க வேண்டாம். பார்வைக்கும் துப்பாக்கிக்கும் மறைவு கூடாது என்பதால் மரம் வளராமல் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். திறந்த புல்வெளியை நம்பும் உயிர்கள் பிழைத்ததற்கு அதுவே காரணம். இன்று அப்படியே விட்டால் பத்து இருபது ஆண்டுகளில் புதரும் மரமும் மூடிவிடும். அதனால் இப்போது புல் வெட்டியும் ஆடு மேய்த்தும் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

குடும்ப வரலாறோ ஊர் வரலாறோ தேட ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

இரண்டு மாநிலம் என்பதால் தேடலும் இரண்டு மடங்கு. பலர் ஒரு பக்கம் மட்டும் தேடிவிட்டு 'எதுவும் இல்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள்.

திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு டோபென் லூத்தரன் சபையின் பதிவேடுகளில் தொடங்குங்கள். துரிங்கியப் பக்கத்துக் குடும்பமாக இருந்தாலும் இதுதான் முதல் படி, ஏனென்றால் இரு கரையினரும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள். ராய்ஸ் ஆட்சிக் கால நில, வரி ஆவணங்களுக்கு கிரைட்ஸிலுள்ள அரசு ஆவணக் காப்பகம். பவேரியப் பக்கத்துக்கு பாம்பெர்க் காப்பகம். 1952 முதல் 1990 வரை கிழக்குப் பகுதி கெரா நிர்வாக மாவட்டத்தில் இருந்தது, அதன் கோப்புகள் ருடோல்ஸ்டாட்டில் உள்ளன. எல்லைப் படையின் ஆவணங்கள் ஃப்ரைபுர்க்கிலுள்ள கூட்டாட்சி ராணுவக் காப்பகத்தில். கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையின் கோப்புகள் 2021 முதல் கூட்டாட்சிக் காப்பகத்தின் பொறுப்பு. ஒருவர் தம்மைப் பற்றிய கோப்பைக் கேட்கலாம், இறந்த நெருங்கிய உறவினருக்கு உறவுச் சான்று இணைக்க வேண்டும்.

பழைய பதிவேடுகள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். நவீன ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவருக்கும் முதலில் ஓர் எழுத்துகூடப் புரியாது. எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு, தெரிந்த குடும்பப் பெயர்களிலிருந்து தொடங்கிப் பழகுங்கள்.

நேரில் போக என்ன வழி? எதில் தவறு நேரும்?

கார் எளிது. ஏ72 நெடுஞ்சாலையில் ஹோஃப்/டோபென் வெளிவழியில் இறங்கி, டோபென் வழியாக வாருங்கள். வழிகாட்டிச் செயலியில் ஊர்ப்பெயரைத் தட்டினால் இரண்டு மோட்லராய்ட் காட்டும், எதைத் தேர்ந்தாலும் ஓடைக்கு ஏதோ ஒரு பக்கத்தில்தான் வந்து நிற்பீர்கள். பண்ணை வாசல்களில் வண்டி நிறுத்தாதீர்கள், பார்வையாளர் நிறுத்துமிடத்துக்கே போங்கள். அறுவடைக் காலத்தில் அந்த வாசல்கள் வழியே டிராக்டர் போய்வர வேண்டும்.

ரயிலில் வந்தால் ஹோஃப் நிலையம் வரை. லைப்ஸிக், நியூரம்பெர்க், ரேகன்ஸ்பூர்க் ஆகிய ஊர்களிலிருந்து ரயில் உண்டு. அங்கிருந்து பேருந்து குறைவு, வார இறுதியில் இன்னும் குறைவு. திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளாமல் கிளம்பினால் மாலையில் டாக்ஸிக்குச் செலவழிப்பீர்கள்.

ஹோஃப் வட்டாரத்தை 'பவேரியாவின் சைபீரியா' என்று கேலியாகச் சொல்வார்கள். பார்க்க வேண்டியவற்றில் பாதி திறந்தவெளியில் இருப்பதால் ஏப்ரலிலும் கையுறையும் காற்றுப்புகாத மேலாடையும் வேண்டும். ரோந்துப் பாதையில் நடக்கும்போது பலகை ஓட்டைகளில் கால் மாட்டும். கணுக்காலைப் பிடிக்கும் காலணி போடுங்கள், மெல்லிய டயர் சைக்கிளையோ குழந்தை வண்டியையோ அதன்மேல் உருட்ட முயலாதீர்கள். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

நடக்கத் தெம்பிருந்தால் கிழக்கே சில கி.மீ. தள்ளி பவேரியா, துரிங்கியா, சாக்சனி மூன்றும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் எல்லைக்கல்லையும் பார்த்துவிட்டு வரலாம்.

இதே போன்ற வேறு ஊர்கள் உண்டா?

உண்டு. வோல்ஃப்ஸ்புர்க் அருகே ஸிஷெரி–போக்விட்ஸ் இரட்டை ஊரும், ஸோன்னபெர்க் அருகே ஹைனர்ஸ்டோர்ஃப்–வெலிட்ஷும் இப்படிப் பிரிந்து கிடந்தவை. ஆனால் அவை இரண்டும் முன்பே தனித்தனிப் பெயர் கொண்ட இரண்டு ஊர்கள். ஒரே பெயருள்ள ஒரே ஊர் நடுவில் சுவரோடு கிடந்ததைப் பார்க்க வேண்டுமானால் மோட்லராய்டுக்குத்தான் வர வேண்டும்.